வட்டவாள் பின்னுக்கு உதைக்கிறது: பழைய முதிரைத் தீராந்தி அறுக்கிறேன், எங்கே பிழை?

வாவிக்கரையான் (ஆரையம்பதி)

எல்லோருக்கும் வணக்கம். அப்பப்பா வீட்டுக் கூரையைப் போன மாதம் பிரித்தோம். 1978 சூறாவளி பழைய கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவர் புதிதாகப் போட்டது. கூரையைத் தாங்குகிற தீராந்தி அத்தனையும் முதிரை மரம். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஒரு பூச்சி தொட்டதில்லை. விற்க மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசை ஒன்று செய்வோம் என்று ஏழேகால் அங்குல வட்டவாள் வாங்கினேன். வயர் வாள்தான், 1400 வாட். பற்றரி வாளுக்குக் காசு காணாது.

முதலில் மரக்காலைக்குத்தான் கொண்டுபோனேன். பழைய மரம், ஆணி இருக்கும், பிளேட் போய்விடும் என்று கையை விரித்துவிட்டார்கள். சரி, நாமே அறுப்போம் என்று இறங்கினேன்.

இரண்டு கதிரையில் தீராந்தியைப் படுக்க வைத்து நடுவில் குறுக்கே அறுத்தேன். முக்கால்வாசி போனதும் வாள் திக்கியது. அடுத்த கணம் மரத்தை விட்டு எகிறி என் வயிற்றுப் பக்கம் வந்தது. பிடியை விடவில்லை, நல்ல காலம். சாரத்தில் ஒரு சாண் கிழிசல், அவ்வளவுதான். நேற்று நெடுக்காகக் கிழிக்கும்போதும் அதே கதை. வெட்டின விளிம்பைப் பார்த்தால் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்துப்போய், தீய்ந்த மணம் வருகிறது.

மரமா, வாளா, நானா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழே இருக்கும் அசையும் கவர் சிக்கிச் சிக்கி நின்றதால் அதைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.


கல்முனைக் காக்கா

மரம்தான் தம்பி. முதிரை என்றால் சும்மாவா, தண்ணியில போட்டால் மிதக்கவே யோசிக்கும். புது பிளேட் போடுங்க, சரியாகும். கவரைக் கட்டினதுக்கு யாராவது இப்ப பாடம் எடுக்க வருவாங்க பாருங்க. நாங்க முப்பது வருசமா கட்டித்தான் வேலை செய்யிறம்.


ஓடாவி மகன் (அக்கரைப்பற்று)

பாடம் எடுக்க நான் வந்துவிட்டேன் காக்கா.

வாவிக்கரையான், இரண்டு கதிரை, நடுவில் வெட்டு என்கிறீர்கள். அப்படியென்றால் பிழை கதிரையில் இருக்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு கரும்பை வைத்து மேலிருந்து கத்தியால் பாதி வெட்டிப் பாருங்கள். நடு கீழே தொய்யும், வெட்டின வாய் மேலே மூடிக்கொண்டு கத்தியைப் பிடிக்கும். உங்கள் தீராந்தியும் அதைத்தான் செய்தது. கத்தி பேசாமல் நிற்கும், சுற்றுகிற பிளேட் நிற்காது.

வாளைக் கழற்றி வைத்துவிட்டு பிளேட்டை உற்றுப் பாருங்கள். முன்பக்கப் பல் கீழிருந்து மேலே வரும். பின்பக்கப் பல் மேலிருந்து கீழே இறங்கும். மரம் இரு கன்னத்திலும் பிளேட்டை நெருக்கினால் பின்பக்கப் பல் மரத்தில் கால் ஊன்றி ஏறும். ஏறினால் வாள் எங்கே போகும்? பின்னால் நிற்கிற ஆளிடம்தான். 185 மில்லிமீற்றர் பிளேட் நிமிடத்துக்கு 5500 சுற்று சுற்றினால், பல் நுனி மணிக்கு 190 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. மனிதன் திடுக்கிட்டுக் கையை இழுக்க முன் எல்லாம் முடிந்துவிடும்.

உங்கள் விளிம்பில் இருக்கிற அந்தக் கறுப்புத்தான் சாட்சி. மழுங்கின பிளேட்டும் மரத்தைத் தீய்க்கும், அது உண்மை. ஆனால் அது முழு நீளத்துக்கும் ஒரே மாதிரித் தீய்க்கும். ஓரிடத்தில் தொடங்கிப் போகப்போகக் கறுப்புக் கூடுகிறதென்றால், அந்த இடத்திலிருந்து மரம் பிளேட்டைக் கவ்வத் தொடங்கியிருக்கிறது. வாள் உதைக்க முன் சத்தமும் மாறும், மோட்டர் முனகும். அந்த முனகலைக் கேட்டதும் தள்ளாதீர்கள், பின்னுக்கும் இழுக்காதீர்கள். சுவிட்சை விட்டு, பிளேட் முழுக்க நிற்கும் வரை வாளை அப்படியே வெட்டுக்குள் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சுற்றுகிற பிளேட்டை வெட்டுக்குள்ளிருந்து பின்னால் இழுப்பதுதான் உதை வாங்குவதற்குச் சுருக்கு வழி.

குறுக்கே அறுக்கும்போது, வேண்டிய துண்டுக்கு அடியில் இரண்டு தாங்கல் கொடுங்கள். கழிகிற துண்டு வெளியே தொங்கட்டும். அறுக்க அறுக்க அது தன் பாரத்தில் கீழே சாய்ந்து வாய் தானாக விரியும். கழிகிற துண்டும் நீளமாக இருந்தால் நாலு தாங்கல், வெட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. கதிரையை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுங்கள், அம்மா தேடுவார். நான் பெரும்பாலும் நிலத்தில் பழைய பலகை நாலைக் குறுக்கே பரப்பி, மரத்தை அதன் மேல் வைத்து, பிளேட் அந்தப் பலகையை ஒரு நூல் கீறுகிற மாதிரி ஆழம் வைத்து அறுப்பேன். முழங்கால் நோகும், வாள் உதைக்காது.

நெடுக்குக் கிழிப்பு வேறு கதை. பழைய மரத்துக்குள் இறுக்கம் கிடக்கும். கிழிக்கக் கிழிக்க ஒன்று வெளியே வளையும், அல்லது உள்ளே மூடும். எதைச் செய்யும் என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு சிறிய ஆப்பு செதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரடி கிழித்ததும் வாளை நிறுத்தி, பின்னால் வெட்டுவாயில் ஒன்றைச் செருகுங்கள். அடுத்த இரண்டடிக்கு இன்னொன்று. மேசை வாளில் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு தகடு எழும்பி நிற்கும், கண்டிருப்பீர்கள். அதற்கும் இதே வேலைதான்.


வாவிக்கரையான் (ஆரையம்பதி)

கரும்பு உதாரணம் விளங்கிவிட்டது அண்ணன். ஆழம் எவ்வளவு வைக்க வேண்டும்? நான் எப்போதும் முழு ஆழத்தில்தான் விட்டிருந்தேன். தீராந்தி நாலுக்கு மூன்று.


ஓடாவி மகன் (அக்கரைப்பற்று)

மரத்துக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்த்தால் போதும். இரண்டு அங்குல பிளேட் கீழே துருத்திக்கொண்டு நின்றால் அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கையா, வயரா, முழங்காலா.

ஏழேகால் வாள் நேராக நிற்கும்போது இரண்டரை அங்குலம்தான் தாண்டும். ஆகவே உங்கள் மூன்று அங்குலத்தை ஒரே முறையில் அறுக்க எப்படியும் முடியாது. முதலில் முக்கால் அங்குல ஆழத்தில் முழு நீளத்துக்கும் ஓடுங்கள். அதே கோட்டில் ஆழத்தைக் கூட்டி இரண்டாம் ஓட்டம், வேண்டுமானால் மூன்றாவது. பிறகு மரத்தைப் புரட்டி மறுபக்கம். முதிரையை அவசரப்படுத்த ஏலாது. நெடுக்குக் கிழிப்புக்கு 24 பல் பிளேட் போடுங்கள், 60 பல்லில் கிழித்தால் தூள் வெளியேற இடமில்லாமல் சூடாகிக் கறுக்கும். 60 பல்லைக் குறுக்கு வெட்டுக்கும் பிளைவூட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கவருக்கு வருவோம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம், பிளக் உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்க வேண்டும். பிளேட்டைக் கழற்றிவிட்டு, கவர் சுழல்கிற அச்சை மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அங்கே பிசினும் தூளும் சேர்ந்து கேக் மாதிரி இறுகியிருக்கும். எண்ணெய் விட வேண்டாம், எண்ணெய் இன்னும் தூளைச் சேர்க்கும். பத்து நிமிட வேலை. அந்தக் கம்பியை அறுத்து எறியுங்கள்.


கல்முனைக் காக்கா

ஓடாவி மகன் சொல்றது சரிதான், தாங்கல் விசயத்தில நான் யோசிக்காமல் மரம் என்று சொல்லிட்டன். ஆனா கவர் கதையில ஒன்று கேளுங்க. சாய்வு வெட்டு வெட்டுங்க, இல்லாட்டி ஓரத்தில கால் அங்குலம் சீவி எடுங்க. கவர் மரத்தின் விளிம்பில முட்டி நிக்கும், வாள் முன்னுக்குப் போகாது. தள்ளினால் கோடு விலகும். அதுக்குத்தான் கட்டுறம். ஆசைக்கா கட்டுறம்?


ஓடாவி மகன் (அக்கரைப்பற்று)

அது நியாயமான கேள்வி காக்கா, எனக்கும் நடக்கிறது. அதற்குத்தான் கவரில் ஒரு சிறு பிடி வைத்திருக்கிறார்கள். வெட்டுத் தொடங்கும்போது மட்டும் அந்தப் பிடியால் கவரை மேலே தூக்கி, பிளேட் உள்ளே போனதும் விட்டுவிட்டு, அந்தக் கையை முன்பிடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கவர் மரத்தின் மேல் உரசிக்கொண்டே வரும். வெட்டு முடிந்ததும் தானே மூடும்.

கட்டி வைத்தால் ஆபத்து வெட்டும்போது மட்டும் இல்லை, வெட்டி முடித்த பிறகும்தான். சுவிட்சை விட்ட பின்னும் பிளேட் சில நொடி சுற்றும். நாங்கள் என்ன செய்கிறோம்? அடுத்த மரத்தைப் பார்த்துக்கொண்டே வாளை இறக்கித் தொடையோடு தொங்கவிடுகிறோம். இல்லையென்றால் நிலத்தில் வைக்கிறோம், அது பல்லாலேயே நடந்து போகிறது.

இன்னொன்று. உங்களிடம் இரண்டு பொடியன்கள் வேலை பழகுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஆள் வைத்து நடத்துகிற இடத்துக்குச் சட்டமும் இருக்கிறது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை மறைத்துக் காக்க வேண்டும் என்று சொல்கிற தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டினது, இலக்கம் 45. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்கும் முந்தியது, 1934. பொடியனுக்கு ஒன்று நடந்தால் 'நாங்க முப்பது வருசமா கட்டித்தான்' என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.


கல்முனைக் காக்கா

சரி சரி. நாளைக்குப் பார்க்கிறன்.


செங்கலடி மின்னல்

நான் மின்வேலை செய்கிறவன், மரவேலை தெரியாது. வாளுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே?


வாவிக்கரையான் (ஆரையம்பதி)

குசினி பிளக்கில் இருந்துதான். கோயில் சோடனைக்கு வாங்கின வெள்ளை வயர், 25 மீற்றர். உருளையில் பாதி சுற்றிக் கிடக்கும், மீதியைத் தாவாரத்துக்கு இழுத்திருக்கிறேன். பின்னேரத்தில் வாள் கொஞ்சம் சோர்கிற மாதிரி இருக்கும். உருளையைத் தொட்டால் இளஞ்சூடு.


செங்கலடி மின்னல்

நினைத்தேன். சோடனை வயர் பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு. 25 மீற்றர் என்றால் போக வர 50 மீற்றர், தடை ஏறக்குறைய 1.15 ஓம். 1400 வாட் வாள் 230 வோல்ட்டில் 6 அம்பியர் இழுக்கும். ஓடும்போது வயரிலேயே 7 வோல்ட் போய்விடுகிறது. அது பெரிய விசயம் இல்லை. ஆனால் அதே கணக்கில் 41 வாட் சூடு அந்த வயருக்குள் இறங்குகிறது, பழைய குண்டு மின்குமிழ் ஒன்றின் சூடு. வயரை நீளத்துக்கு விரித்தால் காற்றோடு போய்விடும். உருளையில் சுற்றி வைத்தால் நடுவில் தேங்கிப் பிளாஸ்டிக்கை இளக்கும். பிளேட் மரத்தில் இறுகி நிற்கிற கணத்தில் அம்பியர் பல மடங்கு ஏறும், அப்போது சூடும் பல மடங்கு. நல்ல உருளைகளின் பக்கத்தில் இரண்டு வாட் எண் அச்சடித்திருப்பார்கள். ஒன்று முழுக்க விரித்தால் எவ்வளவு, மற்றது சுற்றி வைத்தால் எவ்வளவு. இரண்டாவது எண் முதலாவதை விட மிகக் குறைவாக இருக்கும்.

1.5 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்குங்கள், இன்னும் தூரம் போனால் 2.5. வெட்டும்போது முழுவதையும் விரியுங்கள். பின்னேரத்தில் வாள் சோர்வதற்கு உங்கள் வயர் மட்டும் காரணமாக இருக்காது. ஊர் முழுக்க விளக்கும் மின்விசிறியும் போடுகிற நேரம், லைன் முடிவில் இருக்கிற வீட்டுக்கு வோல்ட் இறங்கும். வாளுக்கு வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் நீங்கள் அழுத்துவீர்கள், அழுத்தினால் மோட்டர் சூடாகும், பிளேட்டும் சிக்கும். காலையில் அறுங்கள்.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச், அதுதான் கரண்ட் வெளியே கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச், இருக்கிறதா? வாள் பிளக்கில் இரண்டு கம்பிதானே, எர்த் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். வாளின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு அடையாளம் இருந்தால் அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. ஆனால் வாள் தன் வயரையே வெட்டிக்கொண்டால் அந்த இரட்டைக் காப்பு உதவாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அங்கேதான் உதவும். சாதாரண பிரேக்கர் வயரைக் காக்கத்தான், உங்களைக் காக்க அல்ல. ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் இருக்கிற அலங்காரம். விழுந்தாலும் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஒரே நேரத்தில் இரண்டு கம்பியையும் தொட்டால் அதற்குத் தெரியாது, நீங்களும் ஒரு மின்குமிழ் என்றுதான் அது நினைக்கும்.

வயரைத் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போட்டுக்கொண்டு அறுங்கள். வாளுக்கு முன்னால் கிடக்கிற வயரைத்தான் வாள் தேடிப் போய் வெட்டும்.


கல்முனைக் காக்கா

கரண்ட் என்றதும் நினைவு வருது. சொல்லக் கூடாது என்று இருந்தன், சொல்லிடுறன்.

2022 ஆம் ஆண்டு, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நிற்பாட்டின காலம். நான் வட்டவாளைத் தலைகீழாப் பலகையில பூட்டி மேசை வாள் மாதிரி வைச்சிருந்தன். சுவிட்சைப் பிளாஸ்டிக் பட்டியால கட்டி, சுவர் சுவிட்சிலதான் போடுறதும் நிற்பாட்டுறதும். ஒரு நாள் அறுத்துக்கொண்டு இருக்கக் கரண்ட் போச்சு. சுவர் சுவிட்சை நிற்பாட்ட மறந்திட்டன். சாப்பிடப் போய் அப்படியே சாய்ஞ்சிட்டன். பொடியன் மேசையைத் துடைச்சிக்கொண்டு நிக்கக் கரண்ட் வந்திட்டுது.

துணியைத்தான் பிடிச்சது. துணி அவன்ட கையில சுத்தி இருக்கல்ல, அல்லாஹ்வின் காவல். துணி பிளேட்டோட சுத்திக் கிழிஞ்ச சத்தத்தில நான் எழும்பி ஓடினன். பொடியன் சுவரோட ஒட்டி நிக்கிறான், முகத்தில இரத்தமே இல்ல. அண்டைக்கே அந்தப் பலகையை உடைச்சி அடுப்புக்குப் போட்டன்.


செங்கலடி மின்னல்

காக்கா, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கரண்ட் போனால் தானே விழுந்து, வந்தாலும் நாம் பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை எழும்பாத சுவிட்ச் கடையில் கிடைக்கிறது. மேசை வாளுக்கு அதுதான் பூட்ட வேண்டும். கையில் பிடிக்கிற வாளுக்கு ஒரே விதி, கரண்ட் போனால் பிளக்கைக் கழற்று.


மகிழடித்தீவுப் பொடியன்

அண்ணன்மாரே, என்னிடம் வட்டவாள் இல்லை, 4 அங்குல கிரைண்டர்தான் இருக்கிறது. யூடியூப்பில் அதில் மர பிளேட் பூட்டி அறுக்கிறார்கள். கவரைக் கழற்றினால் ஏழு அங்குல பிளேட்டும் பூட்டலாம் என்கிறார்கள். செய்யலாமா?


ஓடாவி மகன் (அக்கரைப்பற்று)

வேண்டாம்.


தோஹாத் தச்சன் (ஊர் களுவாஞ்சிகுடி)

வேண்டாம் தம்பி. காரணத்தையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் கேட்க மாட்டாய்.

ஏழு அங்குல மர பிளேட்டின் கன்னத்தில் அதிகபட்ச வேகம் அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 7000, 8000 அந்த அளவில். உன் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று. பல் கழன்று பறந்தால் துவக்குச் சன்னம்தான். சரி, நாலு அங்குல பிளேட்டே போட்டால்? அப்போதும் கிரைண்டரில் மரத்தின் மேல் உட்காருகிற தட்டு இல்லை, ஆழம் வைக்க வழி இல்லை, கை தளர்ந்தால் பிளேட் சரியும். சரிந்தால் பல் கடித்து இழுக்கும். இரும்பு தேய்க்கிற கல்லுக்குப் பல் இல்லை, அதனால் அது இப்படிக் கடிக்காது. வாளில் சுவிட்சை விட்டால் நிற்கும். பல கிரைண்டர்களில் சுவிட்ச் தள்ளி விட்டால் தள்ளினபடி நிற்கும். கையை விட்டு விழுந்தாலும் சுற்றிக்கொண்டே ஓடும்.

நான் இங்கே வேலை செய்கிற தளத்தில் கிரைண்டரில் மர பிளேட்டோடு பிடிபட்டால் அன்றைக்கே வீட்டுக்கு. ஊருக்கு லீவில் வந்தால் முதல் பட்டறையிலேயே அதைத்தான் காண்கிறேன். கைவாள் ஒன்று வாங்கு தம்பி. நல்ல கைவாளுக்கு யூடியூப் தேவையில்லை.

கையுறை பற்றி யாரும் கேட்க முன் சொல்லி வைக்கிறேன். சுற்றுகிற பிளேட்டுக்குப் பக்கத்தில் துணிக் கையுறை வேண்டாம். தோலை மட்டும் தொட வேண்டிய பல், கையுறை நூலைப் பிடித்தால் கையையே உள்ளே இழுக்கும். மரம் தூக்க, ஆணி பிடுங்க, பிளேட் மாற்றக் கையுறை போடு. அறுக்கும்போது கழற்று. கையில் கோயில் நூல், காப்பு, நீளக் கை சேர்ட், எல்லாம் அதே கணக்கு. மாமாங்கக் கோயிலில் கட்டின நூலை அவிழ்க்கச் சொன்னால் அம்மா ஏசுவார், அவருக்குச் சாமி காக்கும், பிளேட்டுக்கு அது தெரியாது. சாரமும் வேண்டாம். வாவிக்கரையானுக்கு அது தெரிந்திருக்கும் இப்போது.


வாவிக்கரையான் (ஆரையம்பதி)

தெரிந்துவிட்டது. கிழிந்த சாரம் இப்போது பிளேட் துடைக்கிற துணி.

தோஹா அண்ணன், விரல் பட்டால் தானே நிற்கிற வாள் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறதாமே?


தோஹாத் தச்சன் (ஊர் களுவாஞ்சிகுடி)

இருக்கிறது, சோஸ்டாப். ஸ்டீவ் காஸ் என்பவர் கண்டுபிடித்தது. மரம் மின்சாரம் கடத்தாது, விரல் கடத்தும். அந்த வித்தியாசத்தை உணர்ந்து ஒரு அலுமினியக் கட்டையை பிளேட்டுக்குள் குத்தி ஐந்து மில்லி நொடியளவில் நிறுத்திவிடும். ஒருமுறை அடித்தால் கட்டையும் போகும், பிளேட்டும் போகும். அது மேசை வாள், உங்கள் கையில் இருக்கிறது அல்ல. விலையைப் பார்த்தால் அப்பப்பாவின் கூரையையே திரும்பப் போடலாம்.


தாதியக்கா (கல்லடி)

வேலை முடிந்து வந்து இந்த இழையை முழுக்க வாசித்தேன். எனக்கு வாள் தெரியாது, வாள் செய்ததைத் தெரியும். நான்கு விசயம் எழுதிவிட்டுப் போகிறேன், நீங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டுவீர்களோ மாட்டீர்களோ.

வெட்டுப் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். சும்மா அழுத்துவதில்லை, உள்ளங்கையால் பாரம் கொடுத்து, பத்து நிமிடத்துக்கு எடுத்துப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். கோப்பித்தூள், மரத்தூள், பற்பசை எதுவும் காயத்தில் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுக்கிற நேரம் அந்த ஆளுக்கு வலிக்கிற வலியைப் பார்த்தால் யாரும் போட மாட்டார்கள். மோதிரம் இருந்தால் வீங்க முன் கழற்றுங்கள்.

விரல் துண்டாகிப் போனால் தேடி எடுங்கள். தேடுவதற்கு ஒரு ஆள், அழுத்துவதற்கு ஒரு ஆள். துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். விரலை நேரே ஐஸில் போட்டால் அது உறைந்து கெட்டுவிடும், பொருத்த முடியாமல் போகும். இதைப் பலர் பிழையாகச் செய்துவிட்டு, 'ஐஸில்தானே கொண்டுவந்தோம்' என்று அழுவதைக் கண்டிருக்கிறேன்.

1990 அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மயக்கமாக இருக்கிறானே என்று பிளேன்ரியும் சோடாவும் கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. சின்னக் கீறல் என்றாலும் கடைசியாக ஏற்பு ஊசி போட்ட வருடத்தை யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக முதிரை. அந்த மரத்தூள் தோலில் பட்டுச் சிலருக்குச் சிவந்து தடித்துக் கொப்புளம் போடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, நாலாம் நாள் முகம் வீங்கி வருவார்கள். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள், அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். மூக்குக்கு நீல நிற சத்திரசிகிச்சை மாஸ்க் போதாது, என்95 போடுங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995 இல் மரத்தூளைப் புற்றுநோய் தருவது உறுதி என்கிற முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது.


ஓடாவி மகன் (அக்கரைப்பற்று)

அக்காவுக்கு நன்றி. காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டவாள் 100 டெசிபல் வரை கத்தும். அந்தச் சத்தத்துக்கு ஒரு நாளில் கால் மணித்தியாலம்தான் அளவு என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். எங்கள் வாப்பாவுக்கு இப்போது பாங்குச் சத்தம் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்தாலும் கேட்பதில்லை. தொலைக்காட்சியை அவர் வைக்கிற சத்தத்தில் தெருவுக்கே செய்தி தெரியும். காதடைப்பான் ஒரு சோடி பெரிய விலை இல்லை.

வாவிக்கரையான், அறுக்க முன் ஆணியை எப்படிப் பார்த்தீர்கள்?


வாவிக்கரையான் (ஆரையம்பதி)

கண்ணால்தான். தலை தெரிந்ததை எல்லாம் பிடுங்கினேன்.


ஓடாவி மகன் (அக்கரைப்பற்று)

தலை தெரியாததுதான் பிளேட்டைத் தின்னும். பழைய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக நடத்துங்கள். எங்கே சாய்கிறதோ அங்கே சோக்கால் வட்டம் போடுங்கள். நாலு பக்கமும். மரத்தில் துருவின் கறுப்புப் பொட்டு இருந்தால் அதன் அடியில் இரும்பு இருக்கிறது. கண்ணாடி போடாமல் பழைய மரத்தைத் தொடாதீர்கள், ஆணியில் பட்டு உடைகிற பல் எந்தத் திசையில் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.


வாவிக்கரையான் (ஆரையம்பதி)

இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

கம்பியை அறுத்து எறிந்தேன். கவரின் அச்சில் ஓடாவி மகன் சொன்ன அதே கேக். தேய்த்துத் துடைத்த பிறகு விரலால் தூக்கி விட்டால் 'டப்' என்று மூடுகிறது. 24 பல் பிளேட், 1.5 வயர், காலை ஏழிலிருந்து பத்து மணி வரைதான் வேலை. நிலத்தில் பலகை பரப்பி முழங்காலில் இருந்து அறுத்தேன், முழங்காலுக்கு மடித்த சாக்கு.

மூன்றாவது தீராந்தி பாதியில் மூடத் தொடங்கியது. சத்தம் மாறினதும் சுவிட்சை விட்டு அப்படியே நின்றேன். பிளேட் நின்ற பிறகு வாளை எடுத்துப் பார்த்தால், நான் அறுத்து வந்த வாய் பின்னால் ஒரு தாள் நுழையாத அளவுக்கு ஒட்டிக் கிடந்தது. ஆப்பை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. வாய் திறந்தது. மீதியைக் கிழித்தேன், கறுப்பு இல்லை.

காந்தம் 61 இடத்தில் சாய்ந்தது. அறுபதில் ஆணி. அறுபத்தோராவதை உளியால் தோண்டினபோது ஆணி இல்லை, நகமளவு ஒரு இரும்புத் துண்டு, விளிம்பெல்லாம் கிழிந்த மாதிரி. அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு "தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையாக இருக்கும்" என்றார். சேர்ட் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மேசைக்குப் பலகை ஒன்பது தேறியிருக்கிறது. இனி ஒட்ட வேண்டும்.


கல்முனைக் காக்கா

ஒட்டுறதுக்குக் கிளாம்ப் ஆறு வேணும் தம்பி, ஆறடி மேசை என்றால். என்னட்ட நாலு இருக்கு, சும்மா தொங்குது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தால் எடுத்துக்கொண்டு போங்க. என்ட வாளின் கவர் கம்பியும் அறுத்தாச்சு, ஆனா அது மூடும்போது பாதியில நிக்குது. வரக்குள்ள அந்தப் பல்துலக்கியையும் கொண்டு வாங்க.